ஆட்டப் போட்டி, பார்சல் உண்டு

தன்னம்பிக்கை நல்ல குணம்தான். ஆனால் சரக்கு உள்ளவர்களைவிட இல்லாதவர்களிடம்தான் அது தாராளமாகக் குடியிருக்கும். திருத்தணியில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடம், என்னிடம் அது இரண்டு ஆள் அளவுக்கு இருந்தது. நான் வரைந்த மயிலைப் பிள்ளைகள் வான்கோழி என்றால், பாவம், பிள்ளைகளுக்குப் பறவை ஞானம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் விளையாட்டு விழா போஸ்டர் என் பொறுப்பில் வந்தது. தாளாளர் கூப்பிட்டு விஷயத்தை உடைத்தே சொன்னார். வருடா வருடம் விழாவுக்கு வாடகை நாற்காலி வருகிறது, உட்கார ஆள் வருவதில்லை.

"போஸ்டரப் பாத்துக் கூட்டம் வந்துச்சின்னா அடுத்த வருஷமும் டிராயிங் டீச்சர் இருப்பாங்க. வரலைன்னா அந்தப் பீரியடக் கணக்கு டீச்சருக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

வீட்டில் நைனா (எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு, அப்பா எங்களுக்கு நைனா) ரயில்வே பரீட்சை எழுதச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்த நேரம். இந்த வேலை போனால் அடுத்த நாளே அரக்கோணத்தில் கோச்சிங் வகுப்பில் உட்கார வைத்துவிடுவார். எனக்கோ இந்த வேலை பிடித்திருந்தது. வான்கோழி என்று சொன்ன பிள்ளைகளைக்கூடப் பிடித்திருந்தது.

பழைய போஸ்டர்களை எடுத்துப் பார்த்தேன். நாலு மூலையிலும் நாலு பந்து, நடுவில் கும்பிட்டபடி தாளாளர், அவர் தலைமேல் ஓடும் வெள்ளைக்காரப் பையன் ஒருவன், மிச்ச இடமெல்லாம் எழுத்து. போஸ்டர் என்றால் அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்பது என் கொள்கை (கொள்கை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது). முதலில் வெறும் கால் தடங்களை வரைந்தேன். திருட்டுக் கேஸ் மாதிரி இருந்தது. அப்புறம் மலைப் படிகளில் பிள்ளைகள் ஓடுவதாக வரைந்தேன். காவடி எங்கே என்று கேட்பார்கள் போலிருந்தது. மூன்றாவதை வரைந்து முடித்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது.

சிவப்புப் பின்னணி. நடுவில், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த பெரிய வெற்றிக் கோப்பை. கோப்பைக்குக் கீழே கொழுந்துவிட்டு எரியும் விளையாட்டு ஜோதி. மேலே இரண்டே சொல், 'ஆட்டப் போட்டி'. விளையாட்டு என்றால் எங்கள் தெலுங்கில் 'ஆட்ட'தானே, சுருக்கமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த 'ட'வின் அடிக்கோட்டை அப்படியே இழுத்து, வலது பக்கம் ஓட்டப்பந்தயப் பாதைபோல வளைத்து மேலே சுழித்துவிட்டேன். அடியில் 'முந்துவோருக்கே முதலிடம்', ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. பள்ளியின் பெயர் எறும்பு அளவில் ஓரமாக இருந்தது.

தாளாளர் போனில் பார்த்துவிட்டு, தன் போட்டோ எங்கே என்று கேட்டார். போட்டோ போட்டுக்கொள்ளாதவர்தான் சார் பெரிய மனிதர் என்றேன். உடனே சம்மதித்துவிட்டார். பி.டி. சார் காதர் பாஷா மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதப் பாத்தா ஏன்னு தெர்ல, பசிக்குதுங்க டீச்சர்" என்றார். வெற்றிப் பசியைச் சொல்கிறார், மனிதருக்கு ரசனை இருக்கிறது என்று மகிழ்ந்துபோனேன்.

அரக்கோணத்தில் ஒரு பிரஸ்ஸுக்குப் படத்தை அனுப்பினேன். பிரஸ்காரர் போனில் கூப்பிட்டார்.

"பார்சல் போட்டுடலாமாங்க?"

போஸ்டர் கட்டைப் பஸ்ஸில் போட்டு அனுப்புவதைக் கேட்கிறார் என்று, "ஆங், கண்டிப்பா பார்சல் போட்டுடுங்க" என்றேன்.

கட்டு வந்து இறங்கியதும், நான் பிரித்துப் பார்க்கும் முன்பே, ஒட்டுகிறவர் நேராகக் கொண்டுபோய்விட்டார். மறுநாள் கிருத்திகை. காலையில் மலையடிவாரச் சுவரில் என் படைப்பைத் தரிசிக்கப் போனேன். விரதக்காரர்கள் நாலைந்து பேர் அதன்முன் நின்றிருந்தார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டுவிட்டு மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

நானும் எட்டிப் பார்த்தேன். நான் சுழித்த சுழிப்பில் 'ட' முழுசாக 'டு' ஆகியிருந்தது. ஆட்டுப் போட்டி. (எங்கள் பக்கம் ஆட்டுக் குடலுக்குப் போட்டி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் அம்மாவே வைப்பாள்.) அதற்குக் கீழே இருந்தது கோப்பை இல்லை, அடுப்பில் கொதிக்கிற அண்டா. எல்லாவற்றுக்கும் அடியில், நான் எழுதாத ஒரு வரி கொட்டை எழுத்தில் இருந்தது: 'பார்சல் உண்டு'.

கைக்கு எட்டியதைக் கிழித்தேன். ஆனால் போஸ்டர் ஆர்.கே.பேட்டை, கே.ஜி.கண்டிகை வரை போயிருந்தது. தாளாளரிடம் சொன்னால் கணக்கு டீச்சருக்கு அன்றைக்கே பீரியட் போய்விடும். இதை நம்பி எவன் வரப்போகிறான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். என் தன்னம்பிக்கை அப்போதும் என்னைக் கைவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குமுன்பே மைதானம் நிறைந்துவிட்டது. ஷேர் ஆட்டோவில் வந்தார்கள், டவுன் பஸ்ஸில் வந்தார்கள். நாற்காலி போதாமல் பிள்ளைகளின் பெஞ்சுகளை வெளியே தூக்கி வந்தோம். தாளாளர் என்னைப் பார்த்துப் பூரித்துச் சிரித்தார். பூரிப்பில் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. வந்த எல்லோர் கையிலும் தூக்கு இருந்தது. எவர்சில்வர் தூக்கு, அலுமினியத் தூக்கு, மூன்றடுக்கு டிபன் கேரியர்.

அணிவகுப்பு முடிந்து புறா பறக்கவிடும் நேரம். கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த ஒரு அம்மா மேடைக்கே வந்து, "புறா எல்லாம் வேணாங்க, போட்டி எப்ப போடுவீங்க?" என்று விசாரித்தார். தாளாளர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். சிரிப்பு போயிருந்தது.

வேறு வழியில்லாமல் மைக்கைப் பிடித்தேன். "பெரியவங்க மன்னிக்கணும். இது ஆட்டுப் போட்டி இல்லீங்க, ஆட்டப் போட்டி" என்றேன். எங்கள் பள்ளி மைக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அதத்தான நாங்களும் கேட்டுகினு கீறோம்" என்றது கூட்டம்.

மேடைக்கு முன் அதற்குள் தூக்குகளோடு ஒரு வரிசை சேர்ந்திருந்தது. அதில் முதல் ஆளைப் பார்த்தேன். கையில் மூன்றடுக்கு கேரியரோடு எங்கள் பாவா. என் அக்கா புருஷன், ஆர்.கே.பேட்டையில் தறி வைத்திருக்கிறார். விடிகாலை முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். எறும்பு எழுத்தை அவர் படிக்கவில்லை, தூக்கோடு போனவர்கள் பின்னாலேயே வந்திருக்கிறார், அதனால் அது என் பள்ளி என்றும் தெரியாது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அத்தனை பேர் நடுவில் கேட்டார்.

"இன்னாம்மா சுமா, நீயும் வாங்க வந்தியா? உன் தூக்கு எங்க?"

பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தேன், பிளக்கவில்லை. காதர் பாஷா சார்தான் மைக்கை வாங்கினார். போட்டி நிச்சயம் உண்டு, ஆனால் இது வாயால் சாப்பிடுகிற போட்டி இல்லை, காலால் ஓடுகிற போட்டி, வந்தவர்கள் தூக்கை இறக்காமல் ஓடலாம், முதல் பரிசு கோப்பை என்று அறிவித்தார். ஒரு நிமிடம் முணுமுணுப்பு. அப்புறம் கண்டிகை அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கோட்டில் போய் நின்றார். அவ்வளவுதான், மைதானமே எழுந்து நின்றது.

தூக்கு ஓட்டத்தில் அந்த அம்மாதான் முதல். பாவா பாதி வழியில் விழுந்தார், கேரியர் மூன்று அடுக்கும் மூன்று திசையில் உருண்டன. பரிசுக் கோப்பையை வாங்கிய அம்மா முதலில் அதன் உள்ளே பார்த்தார். காலியாக இருந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்குச் சுடுகிறது.

மறுநாள் தாளாளர் அழைத்தார். ரயில்வே பரீட்சைக்கு மனசைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் ஜன்னலையே பார்த்தபடி, "கூட்டம் கேட்டேன். வந்துடுச்சி. இன்னா சொல்றதுன்னு தெர்ல" என்றார். வேலை நிலைத்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது, இனி நான் எதை வரைந்தாலும் காதர் பாஷா சார் வெறும் வயிற்றில் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அவர் இன்றுவரை அதைக் கடமையாகச் செய்கிறார். தூக்கு ஓட்டமும் எங்கள் விழாவில் நிரந்தரமாகிவிட்டது.

பாவாதான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும், நசுங்கிய அந்த மூன்றடுக்கு கேரியரோடுதான் வருகிறார். வாசலில் நின்று, உள்ளே வராமல், "டீச்சரம்மா கீறாங்களா? பார்சல் உண்டுன்னு போட்டிருந்துச்சி" என்கிறார். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்து, மூன்று அடுக்கிலும் நிரப்பிக் கொடுத்தனுப்புகிறாள்.