கிளிக்கு அறை தேடிய பெரும்போர்

வாழ்க அடைப்புக்குறியார்! திறந்த அடைப்புக்குறி ஒன்றையேனும் மூடாது உறங்கியறியாத் தகைமையால் அலுவலகத்தார் அப்பெயர் சூட்டிய செம்மல்; விசைப்பலகை முரசதிர விரற்படை நடத்தும் வேந்தர்; செல்லப்பிராணிக் காப்பகங்களுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தின் தனிப்பெரும் விதியெழுத்தர். அவர் பொருத களத்தைப் பாடப்புகும் நாவுக்குத் துணையாக, தலைமேல் கடகடக்கும் மின்விசிறியே, சற்றே அடங்கி அருள்க!

ஊருக்குப் போவோர் பூனையையும் ஆமையையும் விட்டுச்செல்லும் காப்பகம் அது. எவ்வுயிருக்கு எவ்வறை என்பதை அன்று முதல் கணினியே மொழிய வேண்டும். உயிர்தோறும் ஒரு பகைப்பட்டியல், அறைதோறும் ஒரு குடியிருப்போர் பட்டியல், இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புரைக்க ஒரு விதி. அவ்வளவே. ஆயின் அன்று அங்கே கூண்டும் கையுமாக நின்றவரோ நம் வேந்தரின் மாமியார். மூத்த மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கப் புறப்பட்டவர். கூண்டிலிருந்ததோ, மனைவியின் வசைமாரியை ஒருமுறை கேட்டாலே மனனம் செய்து, அவள் ஓய்ந்த பின்னும் அவள் குரலிலேயே ஓதவல்ல கிளி. காப்பகத்தில் இடமில்லையேல் அது வந்தேறும் அரண்மனை எதுவென்பதை வேந்தர் நன்கறிவார்.

உறையினின்று வாளுருவுவார்போல் அவர் முதல் விதியை உருவினார்: ‘அறையில் உள்ள எல்லாரும் பகைவரெனில், மறு.’ எழுதி முடித்து, வென்ற களிறெனப் பிளிறிச் சாய்ந்தார் நாற்காலியில். உடனே தொலைபேசி ஒலித்தது. காப்பகத்துப் பராமரிப்பாளர்.

“சார், காலி ரூம் வேணாங்குது. பூனையும் ஆமையும் இருக்கற ரூம்ல கிளிய விடச் சொல்லுது. விடட்டுமா?”

வேண்டவே வேண்டாம் என்று வேந்தர் மன்றாடினார். ஆமை பகையன்று, ஆகவே அங்கே ‘எல்லாரும்’ பகைவரல்லர் என்பது விளங்கிற்று. ஆனால் காலி அறை செய்த குற்றமென்ன? கலங்கியவரை, மென்பொருளில் பிழை தேடும் அடுத்த இருக்கைப் பரிசோதகி திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணே, காலி ரூம்ல பகையில்லாத ஆள் ஒருத்தராவது இருக்காங்களா? இல்லல்ல? அப்ப அதுக்கு எல்லாருமே பகைதான்.”

இல்லாதவர் அனைவரும் பகைவர்! இப்பேருண்மையின் தாக்குதலில் நிலைகுலைந்தவர், அறிவை அழைக்காது சினத்தையே சேனாதிபதியாக்கி, ‘மறு’ என்ற சொல்லை வெட்டி வீழ்த்தி அவ்விடத்தில் ‘அனுமதி’யை அரியணை ஏற்றினார். காலி அறையின் கதவு திறந்தது. ஆமையறையின் கதவு அடைபட்டது. அந்தோ, பூனைகள் மட்டுமே வாழும் பேரறையின் கதவும், எல்லாரும் பகைவராதலின், அகலத் திறந்தது. அதுவே பட்டியலில் முதலாவதாய் மின்னிற்று.

மீண்டும் அழைத்த பராமரிப்பாளர், பூனைகளெல்லாம் கதவோரம் வந்து உட்கார்ந்துவிட்டன என்றும், மாமியார் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும், கிளி ஏதோ திட்டத் தொடங்கியிருக்கிறது என்றும் அறிவித்தார்.

புயலில் பாய்மரம் பற்றும் மாலுமிபோல் வேந்தர் மேசை விளிம்பைப் பற்றினார். நெற்றி வியர்வை ஆறாய் ஓட, விதிக்குள் மீண்டும் இறங்கி, ‘எல்லாரும்’ எனும் அரக்கனைக் கெல்லி எறிந்து, ‘ஏதேனும் ஒருவர்’ எனும் எளிய வீரனை அங்கே நிறுத்தி, ‘மறு’வை மீட்டு முடிசூட்டினார். ஏதேனும் ஒருவர் பகைவரெனில் மறு! பூனையறைகள் இரண்டும் இருண்டன. காலி அறை ஒன்றே கதிரவனென ஒளிர்ந்தது. பரிசோதகி கைதட்டினாள். தாமே தொலைபேசியை எடுத்த வேந்தர், வெற்றிச் சங்கின் முழக்கத்தோடு, கிளியைக் காலி அறைக்கு எழுந்தருளச் செய்க என ஆணையிட்டார்.

“இப்ப சரியாத்தான் காட்டுது சார். ஆனா ரயிலுக்கு நேரமாச்சுன்னு உங்க அத்தை கிளியத் தூக்கிக்கிட்டு அப்பவே கிளம்பிட்டாங்களே.”

அவர் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கிளி ஹாலில் இருந்தது.