என் அக்கவுண்ட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள், மாப்பிள்ளை

பெரியநாயக்கன்பாளையம்

பெங்களூரில் கம்ப்யூட்டர் இன்ஜினியராக விளங்கும் அன்பு மாப்பிள்ளை அருள்குமார் அவர்களுக்கு, மாமனார் பாலுசாமி மிக்க மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை ராசாத்தாளும் நலம். நலம் என்று வழக்கத்துக்கு எழுதுகிறேனே ஒழிய, இப்போது இருக்கிற நிலைமையில் அதையும் நான் முழுசாக நம்புவதில்லை. உங்கள் நலத்தையும் என் மகள் நந்திதாவின் நலத்தையும் அறிய ஆவல்.

போனை எடுத்துப் பேசாமல் மாமா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் காது இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நந்திதா எடுத்துப் படித்துவிட்டு, "சித்தப்பா, அப்பா உங்களப் பத்தி என்னமோ எழுதியிருக்காருங்க" என்று என் தம்பி மோகன்குமாருக்கு உடனே சொல்லிவிடுவாள். சித்தப்பா என்றால் அவளுக்கு உயிர். ஈமெயில் அனுப்பலாம் என்றால் அதற்கும் ஒரு பாஸ்வேர்டு வேண்டும், அந்தச் சமாச்சாரத்தால்தான் நான் இன்றைக்கு இந்த நிலையில் இருக்கிறேன். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். கவரின் நாலு பக்கமும் செல்லோ டேப் ஒட்டியிருப்பேன். ஒட்டு பிரிந்த மாதிரி தெரிந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது நம் பட்டறை ஆபீஸில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டரில் எனக்கு ஒரு அக்கவுண்ட், மோகனுக்கு ஒரு அக்கவுண்ட், கணக்கு பார்க்கிற சாந்தாமணிக்கு ஒரு அக்கவுண்ட் என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னீர்கள். "கட்டின பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லக் கூடாதுங்க மாமா" என்று நீங்கள் சொன்னபோதே எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக நானும் மோகனும் ஒரே பட்டறையில் பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் கடைந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம், இரண்டு பேர் சட்டைப் பையும் ஒன்றாகத்தான் இருந்தது, இப்போது ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று தோன்றியது. மாப்பிள்ளை முறுக்கோடு சொல்கிறீர்கள், எதிர்த்துப் பேசக் கூடாது என்று தலையாட்டிவிட்டேன். மறக்கவும் கூடாது, வெளியே சொல்லவும் கூடாது என்று நீங்கள் சொன்னதற்கு ஏற்ப ஒரு சொல்லை யோசித்து, நீங்கள் உதாரணம் காட்டிய மாதிரியே முதல் எழுத்தைப் பெரிதாகவும், கடைசியில் அந்தச் சுழித்த அட் குறியும், ஒன்றாம் நம்பரும் போட்டு வைத்தேன். அந்தச் சொல் என்னவென்று இங்கே எழுத மாட்டேன். தபால்காரர் நல்ல மனுஷர்தான், ஆனாலும் எழுத மாட்டேன்.

நான் அடித்தால் திரையில் எழுத்துக்குப் பதிலாகப் புள்ளி புள்ளியாக வருகிறது. என் ஆபீஸ், என் கம்ப்யூட்டர், என் விரல், ஆனால் என்ன அடித்தேன் என்பதை என்னிடமே மறைக்கிறது. அது கிடக்கட்டும் என்று விட்டேன். ஒருநாள் காலையில் உட்கார்ந்தால், உங்கள் பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது, புதிது வையுங்கள் என்கிறது. காலாவதியாக அது என்ன மாத்திரையா? சரி என்று பழையதையே திரும்பப் போட்டேன். இது ஏற்கெனவே வைத்தது, வேறு வையுங்கள் என்றது. பாருங்கள் மாப்பிள்ளை, உள்ளே இருக்கிறது யாருக்கும் தெரியாது, உங்களுக்குக்கூடத் தெரியாது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னீர்கள். தெரியாத கம்ப்யூட்டர் பழையதை மட்டும் எப்படி அடையாளம் கண்டுபிடித்தது? அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு புதிதாக ஒன்று வைத்தேன்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது கூத்து. காலையில் புதிய பாஸ்வேர்டுக்குத் திறக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்து அதையே போட்டால் தவறு என்கிறது. திரும்பப் போட்டாலும் தவறு. ஆத்திரத்தில் பழையதைப் போட்டால் சமர்த்தாகத் திறந்துகொள்கிறது! காலாவதியாகிவிட்டது என்று சொன்னதே அதே பழையதுதான். மறுநாள் பழையது செல்லாது, புதியது செல்லும். நான் அந்தப் பக்கம் போனதும் யாரோ வந்து மாற்றுகிறார்கள், நான் வருவதற்குள் திரும்ப மாற்றுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? இன்னொன்றும் கேளுங்கள். திரையில் நந்திதா கல்யாணப் படத்தை வைத்திருந்தேன். சில நாள் அது இருக்கிறது. சில நாள் அதை எடுத்துவிட்டு மோகன் தன் பிள்ளைகள் இரண்டு பேரும் ஐஸ்கிரீம் சாப்பிடுகிற படத்தை வைத்திருக்கிறான். என் அக்கவுண்ட்டில்! நான் கண்ணை மூடுவதற்கு முன்னாலேயே வாரிசு படத்தை மாட்டிவிட்டான் என்று ராசாத்தாளிடம் சொன்னேன். "ஏனுங்க, கொழந்தைங்க படந்தானுங்க, இருந்துட்டுப் போவுது உடுங்க" என்கிறாள். அவளுக்கு எதிலுமே சந்தேகம் வராது. என்னைக் கல்யாணம் பண்ணும்போதும் அப்படித்தான் விசாரிக்காமல் பண்ணினாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். ஒரு வியாழக்கிழமை வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் கீபோர்டில் அந்தப் பெரிய பட்டன் இருக்கிறதே, கடைசியில் தட்டுவது, அதன் மேல் துளி திருநீறு தூவி வைத்தேன். தொட்டவன் விரலில் ஒட்டும், காலையில் முதல் வேலையாக எல்லார் விரலையும் பார்த்துவிடலாம் என்பது என் திட்டம். காலையில் போனால் விரலில் ஒன்றும் இல்லை. ஆனால் சாந்தாமணி நெற்றியில் திருநீறு, மோகன் நெற்றியில் திருநீறு, டீ கொண்டுவருகிற ஆள், வாட்ச்மேன் எல்லார் நெற்றியிலும் பட்டை பட்டையாகத் திருநீறு. கம்ப்யூட்டர் தலையில் ஒரு முழம் மல்லிகைப்பூ. "என்ன அம்மணி இது?" என்றேன். "வெள்ளிக்கெழமைங்களே அய்யா. நீங்க பொட்டியில திருநீறு வெச்சிருந்தீங்க, அதான் பூவையும் வெச்சு, சூடம் பத்த வெச்சு, எல்லாத்துக்கும் எடுத்துக் குடுத்துப்போட்டனுங்க" என்றாள். தட்டை என் முன்னாலும் நீட்டினாள். நானும் எடுத்துப் பூசிக்கொண்டேன், வேறென்ன செய்ய?

இவ்வளவு வரைக்கும் பொறுத்துக்கொண்டேன் மாப்பிள்ளை, இனிமேல் எழுதப்போவதைத்தான் பொறுக்க முடியவில்லை. மோகனுக்குக் கம்ப்யூட்டர் சொல்படி தானே கடைகிற சிஎன்சி மெஷின் ஒன்று புதிதாக வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எனக்குப் பிடிக்கவில்லை. லேத் என்றால் ஓடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், சுருள் சுருளாக விழுகிற இரும்புத் தூளைப் பார்த்தே வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுவேன். இது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கடைகிறது. யோக்கியமான மெஷின் எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்? அந்த ஆர்டர் கம்ப்யூட்டரில் எங்கள் இரண்டு பேர் ஒப்புதலுக்கும் வந்தபோது என் அக்கவுண்ட்டுக்குள் போய், அந்த ஐஸ்கிரீம் படத்தை முறைத்துவிட்டு, 'நிராகரிக்கிறேன்' என்பதை அழுத்தமாகத் தட்டினேன். பெரியவன் சொல்தான் கடைசிச் சொல், சின்னவன் என்ன சொன்னாலும் அது கணக்கில் இல்லை என்று உங்களிடம் அன்றைக்கே சொல்லி அப்படித்தானே வைத்திருந்தோம்? அதனால் நிம்மதியாக இருந்தேன். போன வாரம் வாசலில் லாரி நிற்கிறது, அந்த மெஷின் இறங்குகிறது. ஓடிப் போய்ச் சாந்தாமணியைக் கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னால், பாலுசாமி ஒப்புதல் அளித்தார், மோகன்குமார் நிராகரித்தார் என்று இருக்கிறது. திருட்டைப் பாருங்கள்! என் பேரில் புகுந்து சரி என்று போட்டுவிட்டு, தன்மேல் சந்தேகம் வராமல் இருக்கத் தன் பேரில் வேண்டாம் என்று போட்டிருக்கிறான். இத்தனை மூளை அவனுக்கு எங்கேயிருந்து வந்தது என்றுதான் முதலில் ஆச்சரியப்பட்டேன்.

"ஏன்டா மோகனு, என்ற பேருல பூந்து நீதானே பண்ணுன?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போய், "என்ற பேருல யாரு வேண்டாம்னு போட்டதுங்ணா? அத மொதல்ல சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்டான். எங்கள் அப்பா போனதற்கப்புறம் அவன் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து பேச்சு இல்லை. மத்தியானம் இரண்டு பேரும் ஒரே டேபிளில் டிபன் கேரியரைப் பிரித்து, அவன் வீட்டுக் குழம்பு எனக்கும் என் வீட்டுப் பொரியல் அவனுக்குமாகச் சாப்பிடுவோம். இப்போது அவன் அந்த மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுத் தனியாகச் சாப்பிடுகிறான். உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி ராசாத்தாளுக்குத் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொள்கிறேன்.

ஆகையால், வருகிற ஞாயிற்றுக்கிழமை பங்காளிகளை உட்கார வைத்துப் பட்டறையை இரண்டாகப் பிரித்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கு நீங்கள் நேரில் வந்து, அந்தப் பெட்டிக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்று எடுத்துக்காட்ட வேண்டும். கூடவே இன்னொரு விஷயத்துக்கும் பதில் வேண்டும். அட்மின் என்கிறவர் யாருடைய பழைய பாஸ்வேர்டும் தெரியாமலே அதை மாற்றலாமாமே? நம் அட்மின் நீங்கள்தான் என்று சாந்தாமணி சொல்கிறாள். உங்களைச் சந்தேகப்படுகிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகம்தான், ஆனால் மரியாதையோடு.

நந்திதாவிடம் இதைப் பற்றி மூச்சு விட வேண்டாம். அவளை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். நீங்கள் இருவரும் பதினாறும் பெற்று, யாருடைய கண்ணும் படாமல், யாருக்கும் தெரியாத நல்ல பாஸ்வேர்டோடு நெடுநாள் வாழக் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
பாலுசாமி

பின்குறிப்பு: மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். வந்தால் விருந்துக்கு வாருங்கள், மற்றதற்கு வேண்டாம். கவருக்கு ஒட்ட செல்லோ டேப் வேண்டுமென்று இப்போதுதான் ஆபீஸுக்குப் போனேன். மோகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், திரையில் கொட்டை எழுத்தில் என் பேர், அவன் பாட்டுக்கு எதையோ தட்டுகிறான், திறந்துகொள்கிறது, நந்திதா கல்யாணப் படம் வருகிறது. பின்னாலிருந்து கையைப் பிடித்துவிட்டேன்.

"என்னடா போட்ட?"

"என்ற பாஸ்வேர்டத்தானுங்ணா போட்டேன்."

"உன்றது என்ன?"

"அத யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மாப்ள சொல்லியிருக்காருங்களே."

"நான் உன்ற அண்ணன்டா!"

கடைசியில் கதவைச் சாத்திவிட்டு, அவன் என் காதில் சொன்னான், நான் அவன் காதில் சொன்னேன். இரண்டும் நம் குலசாமி பேர். அட் குறியும் ஒன்றாம் நம்பரும்கூட அதேதான். "மறக்கக் கூடாதுன்னாங்க. அந்தப் பேர உட்டா வேற எது மறக்காம இருக்குமுங்ணா?" என்றான். கடைசியாக யார் உட்கார்ந்தார்களோ அவர்கள் பேர்தான் திரையில் நிற்குமாம். நான் ஒருநாளும் மேலே பேரைப் பார்த்ததில்லை, பாஸ்வேர்டு கட்டத்தை மட்டும்தான் பார்த்தேன். அவனும் அப்படித்தான். ஆக, ஐஸ்கிரீம் படம் வந்த நாளெல்லாம் அவன் அக்கவுண்ட்டுக்குள் புகுந்து, அவன் பாஸ்வேர்டை மாற்றி, அவன் பேரில் வேண்டாம் என்று போட்டவன் நான். தன்னுடையது திறக்காமல் அங்கே இங்கே தட்டி என் பேருக்குள் போய் விழுந்து, அங்கே சரி என்று போட்டவன் அவன். சாந்தாமணியை இன்னும் கேட்கவில்லை. அவளும் எங்கள் பங்காளி வீட்டுப் பெண்தான், அவளுக்கும் அதே குலசாமிதான், பயமாக இருக்கிறது.

மோகனும் செல்லோ டேப் எடுக்கத்தான் வந்திருக்கிறான். அவன் சட்டைப் பையிலும் உங்கள் ஆபீஸ் விலாசம் எழுதிய கவர் ஒன்று இருந்தது. அதை நான் படிக்கவில்லை. என்னுடையதை அவனும் கேட்கவில்லை. இதைக் கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், உங்களுக்கு எழுதிய ஆசீர்வாதமும் சேர்ந்து கிழியுமே என்று அப்படியே அனுப்புகிறேன்.

அப்புறம் மோகன், "மெஷினத் திருப்பி அனுப்பிப்போடலாமுங்ணா. நீங்க வேண்டாம்னுதானுங்களே சொன்னீங்க" என்றான். "வேண்டாம்னது உன்ற பேருலதான்டா இருக்குது. வேணும்னு நான்தான் போட்டிருக்கேன், கண்ணத் தொறந்து பாரு" என்று சொல்லிவிட்டு, அவன் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்து என் டேபிளில் வைத்தேன். எங்கள் இரண்டு பேர் பாஸ்வேர்டையும் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ஒப்புதலில் இருக்கிற பேரை மட்டும் மாத்திப்போடாதீங்க, மாப்பிள்ளை.