லில்லிக்கு மூன்று நாள் ஓலை வாசித்த விவரம்

சேசு மரி சூசை துணை

தருவைகுளம்,
டிசம்பர் 10

எவ்வளவு கோபம் வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் மறந்துவிடும் என் மச்சான் பவுல் அவர்களுக்கு, அற்புதமணி எழுதிக்கொள்வது. மாதா கிருபையால் இங்கே நான், உங்கள் தங்கை பிளாரன்ஸ், பசு ஸ்டெல்லா, அவள் மகள் லில்லி ஆகிய நால்வரும் சுகம். உடன்குடியில் நீங்களும் ஜெஸ்லினும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். செப்டம்பரில் வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் எங்கள் தொழுவத்தில் நான்கு நாள் கட்டிவிட்டுப் போனீர்களே, கோவில்பட்டிப் பக்கம் வாங்கிய நாட்டு இளங்காளை, அதுவும் சுகமாயிருக்கட்டும். அது தின்ற கறிவேப்பிலைச் செடி மறுபடி துளிர்த்துவிட்டது, அந்த வகையில் மனஸ்தாபம் ஏதுமில்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "சரி மச்சான், சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது.

லில்லியின் அக்கா ரோசிக்குப் போன வருஷம் நடந்தது உங்களுக்குத் தெரியும். சினை ஊசி போட வருகிற கிளைட்டன் அன்றைக்குக் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் போனான். கார்டில் பார்த்தால் காளை எண் 1731. ரோசியின் கார்டிலும் தகப்பன் என்று அதே 1731. பெற்ற அப்பனையே மாப்பிள்ளையாக்கி விட்டோம் என்று எங்களுக்குத் தெரிய வந்தபோது கன்று பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. அது எழுந்து நிற்கவேயில்லை. பிளாரன்ஸ் அதன் தலையை மடியில் வைத்துப் பாட்டிலில் பால் கொடுத்துப் பார்த்தாள், ஒன்பதாம் நாள் போய்விட்டது. மனசு கேட்காமல் ரோசியையும் விற்றோம். "எப்பவும் இப்படித்தான் ஆகும்னு இல்ல, ஆனா சொந்தம் நெருங்க நெருங்க ஆபத்து கூடும்" என்றார் மாட்டு ஆஸ்பத்திரி அனுசியா டாக்டர். இன்னொரு கன்று அப்படிப் போனால் மாடே வேண்டாம் என்று பிளாரன்ஸ் அந்தோணியார் முன்னால் சொல்லிவிட்டாள். அதனால் லில்லி விஷயத்தில் எனக்குத் தூக்கமே போயிற்று. அவளுக்கும் 1731தான் தகப்பன்.

கிளைட்டன் இந்தத் தடவை 4208 என்று புது எண் கொண்டு வந்து, "வேற காளை மாமா, தைரியமா இருங்க" என்றான். சூடு கண்ட பூனை நான். முப்பது வருஷம் இந்தப் பங்கில் உபதேசியாராக இருந்தவன், கோயிலில் எத்தனை கல்யாணத்துக்கு ஓலை வாசித்திருக்கிறேன்! இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று மூன்று ஞாயிறு வாசித்தால் ஒளிந்திருக்கிற சொந்தமெல்லாம் வெளியே வந்துவிடும். மனுஷனுக்குச் செய்கிறதை மாட்டுக்குச் செய்தால் என்ன? காலையில் பால் ஊற்ற ஊரே கூடுகிற சொசைட்டி வாசலில் நின்று, "1731க்கும் ஸ்டெல்லாவுக்கும் பிறந்த லில்லிக்கு 4208ஐ நிச்சயித்திருக்கிறோம், தடை அறிந்தவர்கள் சொல்லவும்" என்று வாசித்தேன். முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் போட்டோ எடுத்தார்கள். சேதி பங்குச்சாமி காதுக்குப் போய், "வாசிக்கது வாசியும் உபதேசியாரே, கோயில் மணிய மட்டும் தொட்டுராதேயும்" என்று சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் கருப்பட்டிக் கடை இன்பமணி அண்ணாச்சி கையைத் தூக்கினார். "தடை இருக்குவே!" அவர் தன் மாட்டுக்காக டாக்டரிடம் வாங்கிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த காளைப் பட்டியலைக் கிழித்தே கொண்டு வந்துவிட்டார். அதில் 4208க்கு நேரே, தகப்பன் 1731! அப்பன் ஒருவன், அம்மா வேறு. லில்லிக்குக் கூடப்பிறந்தவன் முறை! அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். அதோடு விட்டாரா அண்ணாச்சி? "ஏன்வே, நீரு அத்த மவளத்தான கெட்டியிருக்கீரு, மாட்டுக்கு மட்டும் இம்புட்டு வெளக்கமா?" என்று சபையில் கேட்டுவிட்டார். எங்கள் கல்யாணத்துக்கு பிஷப்பிடம் விலக்கு வாங்க உங்கள் அப்பா இரண்டு தடவை தூத்துக்குடிக்கு பஸ் ஏறினாரே, மாட்டுக்கு யாரிடம் போய் விலக்கு வாங்குவது? அப்படித்தான் பதில் சொன்னேன். ஆனாலும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிளாரன்ஸ் அவர் வீட்டுக்கு ஒரு வாரம் பால் இலவசம் என்று அறிவித்துவிட்டாள்.

இப்போது கவலை விட்டது. மூன்று தலைமுறைக்கு ஒட்டும் உறவும் இல்லாத காளையின் ஊசியோடு அனுசியா டாக்டரே இன்று சாயங்காலம் வருகிறார். லில்லி இன்னும் பருவத்துக்கு ஒரு தடவைகூடக் கத்தவில்லை, அது ஏன் என்றும் பார்த்துவிடுவார். "கூச்ச சுபாவம், என்னை மாதிரி" என்கிறாள் உங்கள் தங்கை. மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். இயேசு பாலன் பிறப்பு உங்கள் வீட்டில் சமாதானத்தையும் ஜெஸ்லினின் மூட்டுவலிக்கு விடுதலையையும் கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
பாரம் இறங்கிய
அற்புதமணி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். டாக்டர் வந்தார். கையுறை மாட்டிச் சோதித்தார். ஊசியை எடுக்கவேயில்லை. லில்லிக்கு மூன்று மாதச் சினையாம்! விரல் விட்டு எண்ணினால் நீங்கள் வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுக்கொண்டிருந்த அதே நான்கு நாட்கள். "பச்சப்பிள்ள மச்சான், அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லித்தானே கட்டிவிட்டுப் போனீர்கள்? நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். "எந்தக் காளைம்மா?" என்று டாக்டர் கேட்டதற்கு, உங்கள் தங்கை கொஞ்சமும் கூசாமல், "வெளியாள் இல்ல டாக்டரம்மா, எங்க அண்ணன் வீட்டுப் பையந்தான், சொந்தத்துக்குள்ளதான்!" என்று பெருமையாகச் சொன்னாள். டாக்டர் ஒரு நிமிஷம் வெளிறிப்போய், அது கோவில்பட்டி நாட்டுக் காளை என்று நான் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார். ரத்தக் கலப்பு துளியும் இல்லை, கன்று நன்றாகவே இருக்கும் என்கிறார். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான், அது முறை. மாப்பிள்ளை வீட்டார் என்ற முறையில் நீங்கள் ஒரு சாக்குப் பருத்திக்கொட்டையோடு வந்து சேரவும். மாப்பிள்ளையைக் கூட்டி வர வேண்டாம்.