கண்ணீர் அஞ்சலியும் குண்டெழுத்தாரும்

யாழ்ப்பாணத்தில் குண்டெழுத்தாரைப் போலப் பயந்த மனிசனும் இல்லை. அவரைப் போல என்னைப் பயப்படுத்திய மனிசனும் இல்லை.

பட்டணத்தில் பதாகை அச்சடிக்கும் கடையொன்றில் அவர் வடிவமைப்பாளர், நான் பிழை திருத்துபவள். இடி, நாய், தொலைபேசி மணி எல்லாவற்றுக்கும் பயப்படுவார். கூரான எழுத்தென்றால் இன்னும் மோசம். பார்த்தாலே நெஞ்சு படபடக்குமாம். அதனால் கணினியில் இருந்த நூற்றுக்கணக்கான எழுத்துருக்களில் ஒன்றைத்தான் தொடுவார். மூலையே இல்லாமல், எண்ணெயில் பொங்கிய பணியாரம் மாதிரி உப்பிச் சிரிக்கும் எழுத்து அது. பிறந்தநாளுக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் என்று யாரோ செய்தது. எங்கள் ஆள் கோயில் திருவிழாவுக்கும் அதையே போட்டார். உடுவிலில் ஒரு வீட்டுக்கு ‘கடிநாய் கவனம்’ என்று அடித்துக் கொடுத்தார். பாண், பணிஸ் விற்க வந்தவர் எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்த்து, நாய்க்குட்டி விற்கிறார்களாக்கும் என்று உள்ளே போய்க் கெண்டைக்காலில் கடி வாங்கினார்.

முதலாளி கொழும்புக்குப் போயிருந்த நேரம், வல்வெட்டித்துறையில் படகு வைத்திருந்த ஒருவர் இறந்துபோனார். அவருக்கு நாலு மகன்மார். கோபத்துக்குப் பேர்போனவர்கள். அவசரமாகக் கேட்ட அஞ்சலிப் பதாகையை என்னிடம் காட்டாமலே குண்டெழுத்தார் அனுப்பிவிட்டார். பிறகுதான் நான் கணினியில் பார்த்தேன். ‘கண்ணீர் அஞ்சலி’. ‘ண்’ணின் சுழிகள் மூன்றும் உளுந்துவடை மாதிரிப் புடைத்து நின்றன. இறந்தவரின் பெயரோ துள்ளிக் குதித்தது.

கொஞ்ச நேரத்தில் மூத்த மகன் தொலைபேசியில் வந்தான். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“கடையிலையே நில்லுங்கோ. வாறம்.”

கதவைப் பூட்டிவிட்டு ஓடுவோம் என்றேன். குண்டெழுத்தாருக்கு உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“நீர் பின்பக்கத்தாலை போம் பிள்ளை. எழுத்து என்ரை.”

எனக்குப் போக மனம் வரவில்லை, காலும் வரவில்லை. வான் ஒன்று வந்து நின்றது. நாலுபேரும் இறங்கி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். யார் செய்தது என்று மூத்தவன் கேட்டான். குண்டெழுத்தார் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார்.

மூத்தவன் அவருடைய மேசைக்குக் கிட்ட வந்தான்.

“கிழிச்செறியத்தான் போனனாங்கள் அண்ணை. அம்மா விடேல்லை. அவாவுக்குக் கண் வடிவாத் தெரியாது. வீட்டு வாசல் படலையடியிலை நிண்டே அப்பான்ரை பேரை வாசிச்சுப்போட்டா. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கும் உதே எழுத்திலை ஒண்டு அடிச்சுத் தாங்கோ.”

“ஓம்” என்றார் குண்டெழுத்தார். எத்தனை அடி வேண்டும் என்றுகூடக் கேட்டு வைத்தார். வான் சந்தியில் திரும்பி மறையும்வரை நேராகத்தான் இருந்தார். பிறகு அப்படியே மேசையில் சரிந்தார்.

ஓடிப்போய்ச் சீனி கொஞ்சம் கூடப் போட்டுத் தேத்தண்ணி வாங்கி வந்தேன். அவருக்குக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. குடித்து முடிக்கும்வரை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.