பதினாறைத் தாண்டாத மாப்பிள்ளை

"மாப்பிள்ளை சம்பளத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிருவாரான்னு நீயே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுறியாத்தா?"

அப்பா சேவுகன் இப்படிக் கேட்டபோது சந்திரலேகா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். தோசை கருகியது. மாப்பிள்ளைக்குச் சம்பளம் போதாது என்று மூக்கைச் சுளிக்கும் அப்பாக்களை அவள் பார்த்திருக்கிறாள். சம்பளம் கூடிவிட்டதே என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிற மனிதர் காரைக்குடியில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை முத்தரசு சென்னையில் ஒரு கம்பெனியில் இஞ்சினியர். பெண் பார்த்து, இரு வீட்டுக்கும் பிடித்து, உறுதி செய்ய நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் தரகர் வாயெல்லாம் பல்லாக வந்து, மாப்பிள்ளைக்குச் சம்பளம் ஏறப்போகிறது, கழிவெல்லாம் போக வருசத்துக்குப் பதினாறு லட்சத்து இருபதாயிரம் என்றார். சேவுகன் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"பதினாறைத் தாண்டுனா இருபது பர்சண்ட் வரி. மொத்தத்துக்கும் போட்டா மூணேகால் லட்சம் போயிரும். இருபதாயிரத்தைக் குடுத்துட்டு லட்சத்தைப் புடுங்குறான்."

"மொத்தத்துக்கும் இல்லப்பா. தாண்டுன இருபதாயிரத்துக்கு மட்டுந்தான் இருபது பர்சண்ட். நாலாயிரம் ரூவா. கீழ உள்ளதுக்கு முன்னால என்னவோ அதேதான்."

"ஐந்நூறு யூனிட் தாண்டுனா கரண்டு பில்லு என்னாகுது? அடியில இருந்தே ரேட்டு மாறுதுல்ல? எல்லாம் ஒரே கவர்மெண்டுதான?"

கரண்டு பில் விசயத்தில் அவர் சொன்னது சரிதான். அந்த ஐந்நூறுக்குப் பயந்து, ரீடிங் எடுக்க ஆள் வருகிற வாரத்தில் அந்த வீட்டில் ஃபேன் சுற்றாது. சேவுகனுக்கு உலகத்தில் உருப்படியாகத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான். அதை வைத்தே மற்ற எல்லாவற்றையும் அளந்துவிடுவார். செக்காலை ரோட்டில் சிமெண்டுக் கடை வைத்து, துண்டுச் சீட்டிலேயே வியாபாரம் பண்ணி, வருமான வரி என்று ஒத்தை ரூபாய் கட்டாதவர். கட்டாத வரியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை.

சந்திரலேகா பள்ளிக்கூட டீச்சர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கே புரியவைத்தவள். மூன்று டம்ளரை வரிசையாக வைத்து மோர் ஊற்றினாள். முதல் டம்ளர் நிறைந்த பிறகு இரண்டாவது, அதுவும் நிறைந்த பிறகு மிச்சம் மூன்றாவதில். அந்த மூன்றாவதில் மட்டும் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள்.

"இதுல போட்ட உப்பு அந்த ரெண்டுலயும் கரிக்குமாப்பா?"

சேவுகன் மூன்றையும் உற்றுப் பார்த்தார். யோசித்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் குடித்து முடித்தார்.

"வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானத்தா," என்று மீசையைத் துடைத்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் முத்தரசுக்குப் போன் போட்டாள். அப்பாவின் ஆசையைச் சொல்வதற்குள் கூச்சத்தில் அவளுக்கு வியர்த்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கோபப்படவில்லை. எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

"சரி, குறைச்சுக்கிறேன். இதுல என்ன இருக்கு?" என்றார்.

சந்திரலேகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்து ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணுக்காக, அவளுடைய அப்பாவின் மடத்தனத்துக்காக, வருகிற சம்பளத்தையே விட்டுக்கொடுக்க ஒரு மனிதன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் உள்ளே வராமல் வாசலில் வெகுநேரம் அண்ணாந்து நின்றது நினைவுக்கு வந்தது. நிலைக்கதவின் மரவேலைப்பாட்டை அப்படி ரசிக்கிறவருக்கு மனசும் அப்படித்தானே இருக்கும். வீட்டில் பார்த்த மாப்பிள்ளை, அந்த நிமிசத்திலிருந்து அவளே தேர்ந்தெடுத்த மாப்பிள்ளை ஆகிவிட்டார்.

சேவுகனின் நிம்மதி ஒரு ராத்திரிதான் நின்றது. காலையில் அவருடைய பங்காளி மீனாட்சிசுந்தரம் வந்து உட்கார்ந்தார். விசயத்தைக் கேட்டதும், குறை என்றவுடன் குறைத்துக்கொள்கிறவனுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறதா என்று விசாரித்தீர்களா என்றார். தன் மருமகன் பதினேழு வாங்குவதையும் போகிறபோக்கில் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சேவுகன் தவித்துப்போனார். குறைந்தால் மானம் போகிறது, கூடினால் பணம் போகிறது. மத்தியானம்வரை யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: மாப்பிள்ளை கையில் பதினைந்தே முக்கால் வாங்க வேண்டும், ஊருக்குள் பதினேழு என்று சொல்லிக்கொள்ள வேண்டும். ஊருக்குள் சொல்கிற பதினேழு வரிக்காரர் காதிலும் விழுமே என்று சாயங்காலம் அதிலும் ஓட்டை கண்டுபிடித்து, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றார்.

சந்திரலேகா அப்பாவை எதிர்த்து நின்றது அன்றைக்குத்தான்.

"எனக்காகச் சம்பளத்தையே வேணாம்னு சொல்லியிருக்காக. அவுக இல்லைன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா."

இரண்டு நாள் பட்டினியும் கிடந்தாள். அம்மா சோணையம்மாளும் மகள் பக்கம் சாய்ந்து சமையலை நிறுத்தியதும் சேவுகன் இறங்கி வந்தார். ஆனால், உறுதி செய்கிற அன்றைக்குச் சபையில் ஒரு கேள்வி கேட்பேன் என்றார்.

அந்த நாள் ரீடிங் வாரத்தில் வந்து மாட்டிக்கொண்டது. போன ரீடிங்கிலிருந்து மீட்டர் நானூற்றுத் தொண்ணூற்றாறு யூனிட் ஓடியிருந்தது. சித்திரை வெயிலில் வந்த சனம் துண்டாலும் முந்தானையாலும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முத்தரசுவின் அம்மா நாகவல்லி மட்டும் அசையாமல் தொங்கிய ஃபேனைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள். என்ன பெருந்தன்மையான மாமியார் என்று காபித் தட்டோடு நின்ற சந்திரலேகா உருகினாள்.

சேவுகன் தொண்டையைச் செருமினார்.

"எம் பொண்ணுக்காக மாப்பிள்ளை சம்பளத்தையே குறைச்சுக்கிட்டாராம். பின்னால அதை மனசுல வச்சுக்கிட்டு அவளைச் சொல்லிக் காட்ட மாட்டாரே?"

நாகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒங்க பொண்ணுக்காகவா? நல்லாச் சொன்னீக போங்கண்ணே. பதினாறைத் தாண்டுனா மொத்தத்துக்கும் வரி போட்ருவாகன்னு, நீங்க கேக்குறதுக்கு முந்துன வாரமே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டான். பொண்ணு சம்பளமும் சேந்தா தாண்டிருமேன்னு, அந்தப் புள்ளையையும் வேலைய விடச் சொல்லணும்னுல்ல சொல்லிக்கிட்டிருக்கான்."

முத்தரசு அடக்கமாகப் புன்னகைத்தார். சேவுகனின் முகம் மலர்ந்தது. இத்தனை வருசத்தில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே மனிதரைக் கண்டுவிட்டவர்போல எழுந்துபோய் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார்.

சந்திரலேகா தட்டைக் கீழே வைத்தாள். சுவிட்சுப் பலகைக்குப் போய், கூடத்தில் இருந்த நான்கு ஃபேனையும் போட்டாள். உள்ளறைக்குப் போய் ஏசியையும் போட்டுவிட்டு வந்தாள். தாம்பாளத்திலிருந்த வெற்றிலை பறந்து சம்பந்திகளின் மடியில் விழுந்தது.

முத்தரசு பதறி எழுந்தார். அவர் சந்திரலேகாவைப் பார்க்கவில்லை. வாசலில், நிலைக்கதவுக்கு மேலே சிவப்பாய் மினுங்கிக்கொண்டிருந்த மீட்டரை அண்ணாந்து பார்த்தார்.

அந்த மீட்டருக்கு அடியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு, சந்திரலேகா தெருவில் இறங்கிப் போனாள்.