டார்சியின் உயிர்க்கல்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், மல்கா க்ரீக் என்ற சிற்றூரில் அந்தக் கோடையில் மழையே இல்லை. டார்சி புல்லனின் பையில் மட்டும் காசு அடைமழை. புதிதாக மீன்தொட்டி வாங்கியவர்கள் மீன் வளர்ப்போர் மன்றக் கூடத்தில், தொட்டித் தண்ணீரைக் குடுவையில் ஏந்தி, அவர் முன்னால் வரிசைகட்டி நின்றார்கள். நூலில் கட்டிய பித்தளைக் குண்டைத் தண்ணீர்மேல் தொங்கவிடுவார். அது அசையாது. "ஐயையோ, செத்த தண்ணி!" என்பார். தம் நீல உயிர்க்கல்லைப் போட்டதும் குண்டு கிறுகிறுவென்று சுழலும். நூலைப் பிடித்த விரலை யார் பார்த்தார்கள்?

"உயிர் வந்துடுச்சு. இன்னைக்கே மீனை விடலாம்!"

மீன் செத்தால்? வீட்டில் யாருக்கோ மனசு சரியில்லையாம். இன்னும் பெரிய கல் வேண்டுமாம். எப்படிப் போனாலும் கல் விற்கும்.

அவரிடம் கல் வாங்கிய நோயலினின் தொட்டியில் இரண்டு முறை மீன்கள் செத்து மிதந்தன. "உனக்குள்ள ஏதோ கசப்பு இருக்கும்மா. அதான் கொல்லுது," என்றார் டார்சி, ஊரே கேட்கும்படி. வீட்டுக்கு வந்ததும் அவள் அழுதாள். மறுநாள் அவளுடைய அக்கா ஐலா முதியோர் இல்லத்துக்குப் போகிறாள். அங்கே மீன் வளர்க்க விடமாட்டார்கள். ஐலா பல வருடமாகப் பேசிப் பழகிய ஒரே ஜீவன், சார்ஜண்ட் என்ற தங்கமீன், நோயலினின் தொட்டிக்குத்தான் வரவேண்டும். அதையும் தன் மனசே கொன்றுவிடுமோ என்று அவளுக்கு நடுக்கம்.

அழுது முடித்ததும் கடைக்குப் போய்த் தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து வாங்கிவந்தாள். ஒரு குப்பியில் எடுத்த தொட்டித் தண்ணீர் சொட்டு விட்டதும் கரும்பச்சையானது. அம்மோனியா, மீன் கழிவின் விஷம் என்றது மருந்தோடு வந்த வண்ண அட்டை. இதே தண்ணீரின் மேல்தான் முந்தின நாள் டார்சியின் குண்டு குதூகலமாகச் சுழன்றது! நோயலினின் பயம் போய்க் கோபம் வந்தது.

அன்று மாலை மன்றத்தில் மீன் கண்காட்சி. போட்டிக்கு மீன் கொண்டுவருபவர்கள் அதன் பழைய தண்ணீரையும் ட்ரம்மில் சுமந்துவருவது அங்கே வழக்கம். டார்சியும் தம் ஏஞ்சல் மீனோடு இரண்டு ட்ரம்மை மூச்சுவாங்க இறக்கினார். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

நோயலினுக்குப் பட்டது. பக்கத்தில் ஒரு புதுத்தொட்டியில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, தான் வாங்கிய உயிர்க்கல்லைப் போட்டாள்.

"டார்சி, கொஞ்சம் குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்களேன்."

கூட்டம் சூழ்ந்தது. குண்டு சுழன்றது. "அருமையான உயிர்!" என்றார்.

"சரி, உங்க மீனை இதுல விடுங்க." ஏஞ்சல் மீன் இருந்த பையை எடுத்து அவளே அவிழ்க்கப் போனாள்.

டார்சி பாய்ந்து பிடுங்கினார். "பைத்தியமா உனக்கு? அது வெறும் குழாய்த் தண்ணி! குளோரின் எடுக்கணும். வடிகட்டிப் பஞ்சுல நல்ல கிருமி வளரணும். அதுதான் விஷத்தை முறிக்கும். அதுக்கு வாரக்கணக்கா ஆகும்! புதுத்தொட்டியில விட்டா என் மீன் செத்துப்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.

"அப்போ என் மீனைக் கொன்னது என் மனசு இல்லியா?" என்று கேட்டாள் நோயலின்.

"அடப்பாவி, எங்களுக்குக் கல்லு, உன் மீனுக்கு மட்டும் பழைய தண்ணியா?" என்றார் மன்றத் தலைவர் ரஸ்ஸல். அவர் வீட்டில் நாலு உயிர்க்கல் கிடக்கின்றன.

டார்சி ட்ரம்மைக்கூட எடுக்காமல் ஓடினார்.

நோயலின் தன் தொட்டியைக் கொட்டிவிட்டுக் குளோரின் எடுத்த புதுத்தண்ணீர் நிரப்பினாள். ஐலாவின் பழைய வடிகட்டியை, பஞ்சைக் கழுவாமல், ஈரத்தோடு கொண்டுவந்து மாட்டி, சார்ஜண்டை விட்டாள். தினமும் சொட்டுவிட்டுப் பார்த்தாள், விஷம் இல்லையென்று மஞ்சளாகவே நின்றது. சார்ஜண்ட் இன்றும் தீனிக்கு வாயைப் பிளக்கிறது. உயிர்க்கல்லும் வீண்போகவில்லை, தொட்டி மூடியைப் பூனை தள்ளாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது.

உங்கள் ஊரிலும் யாராவது கல்லையோ கயிற்றையோ நீட்டினால், காசை எடுக்குமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, உங்க மீன் எந்தத் தண்ணியில இருக்கு?"