ஹாலிதா வீட்டுக்குப் போன கேக்

அல் குசைஸ், துபாய்
டிசம்பர் 23, மாலை

அன்புள்ள தம்பி கிளாரன்ஸுக்கு,

அக்கா பிலோமினா எழுதிக்கொள்வது. பனிமய மாதாவின் தயவில் என் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒழுங்காக இருக்கின்றன. மானம் மட்டும் ஒழுங்காக இல்லை. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீரைச் சொல். ஆனால் இந்தக் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டாதே. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சாயங்காலத்துக்குள் தூத்துக்குடி முழுவதும் சுற்றிவிடும் என்பதால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். ஜெயசீலன் சைட்டில் வேலை பார்க்கும் வேலுச்சாமி நாளை லீவில் ஊருக்குப் போகிறான். காலை ஒன்பது மணிக்கு வந்து கவரை வாங்கிக்கொள்வான்.

எதிர் பிளாட் ஹாலிதாவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். காயல்பட்டினத்துப் பெண். கணவர் மீரா சாகிப் கட்டடத்துக்குக் கீழேயே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஆறு வருஷமாகக் குளிர்காலத்தில் நான் மகன் ஜெயசீலன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பேச்சுத்துணை அவள்தான். முதல் கிறிஸ்துமஸுக்கே ஒரு டின் நிறையக் கேக் கொடுத்து, "இதில் ரம் கிடையாது, ஒயின் கிடையாது, ஆப்பிள் ஜூஸில் ஊறிய பழம்தான், இது என் வாக்கு" என்று சொன்னேன். கான்வென்டில் மதர் சொல்லிக்கொடுத்த செய்முறையில் ரம் உண்டு. அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தவள் நான். நான் படுத்துறங்கும் வீட்டில் மது இருக்கக்கூடாது என்பது என் சட்டம், அது ஜெயசீலனுக்கும் தெரியும். ஹாலிதாவும் வருஷா வருஷம் டின்னைக் கழுவி, அதில் தங்கள் ஊர் இனிப்பான வட்டலப்பம் வைத்து, "ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர்" என்று திருப்பித் தருவாள்.

இந்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் எனக்குச் சளி. இங்கே வெளியே வெயில், உள்ளே ஏசி, இரண்டுக்கும் நடுவில் என் மூக்கு. அது முழுதாக அடைத்துப்போய், கருவாடு பொரித்தாலும் தெரியாத நிலையில் இருந்தபோது பழம் ஊறவைக்கும் நாள் வந்துவிட்டது. ஜூஸ் தீர்ந்திருந்தது, மருமகள் சந்தியா டியூட்டிக்குப் போயிருந்தாள், மீரா சாகிப் கடைக்கு இறங்கலாமென்றால் லிப்ட் பழுது, நான் ஐந்தாவது மாடி. சரி என்று அலமாரியைத் துழாவினேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு ஆப்பிள் ஜூஸ் பாட்டில், கண்ணாடி பாட்டில், நிறைய இருந்தது. நிறம் கொஞ்சம் சிவப்பாக இருந்தது. நல்ல ஜாதி ஆப்பிள் போலும் என்று நினைத்தேன். மருமகளின் சிக்கனத்தை மனதுக்குள் மெச்சியபடி முழு பாட்டிலையும் பழத்தில் கவிழ்த்து, ஐந்து நாள் பிரிட்ஜில் வைத்து, இரண்டு கேக் சுட்டேன். ஒன்று வீட்டுக்கு. ஒன்றை இன்று காலை பதினொரு மணிக்கு, என் கையால், ஹாலிதாவின் கையில் கொடுத்தேன். வழக்கம்போல வாக்கையும் சேர்த்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் ஜெயசீலன் வந்தான். காப்பியோடு வீட்டுக் கேக்கில் ஒரு துண்டு வைத்தேன். வாயில் போட்டான். அவன் முகத்தில் முதலில் ஒரு பரவசம் வந்தது. சின்ன வயதில் கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு பக்தியை நான் கண்டதில்லை. அடுத்த நொடியே வெளிறிப்போய் எழுந்து சமையலறைக்கு ஓடினான். அரிசி மூட்டை நகரும் சத்தம் கேட்டது.

"அம்மா, இங்க ஒரு ஜூஸ் பாட்டில் இருந்துச்சே?"

"இருந்தது. கேக்குக்கு ஊற்றினேன்."

"முழுசாவா?"

"பாதி ஊற்றிப் பழக்கமில்லை எனக்கு."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். விசாரித்ததில் வெளிவந்தது இதுதான். நவம்பரில் என்னை ஊரிலிருந்து கூட்டிவந்தபோது, இங்கே இறங்கியதும், "அம்மா, உங்க போர்டிங் பாஸைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிப்போனான். ஏதோ முத்திரை குத்தத்தான் என்று நினைத்தேன். விமான நிலையத்து வரியில்லாக் கடையில், வந்திறங்கும் ஒவ்வொருவருக்கும் இத்தனை மது பாட்டில் என்று ஒரு கோட்டா உண்டாம். இங்கே எல்லோரும் தாய் தகப்பன் கோட்டாவில்தான் வாங்குவார்களாம். ஆக, ஸ்காட்லாந்து விஸ்கி ஒன்று பிலோமினா வாஸ் என்ற பெயரில், என் இருக்கை எண்ணோடு, பில் போடப்பட்டிருக்கிறது! அதை என் கண்ணில் படாமலிருக்க ஜூஸ் பாட்டிலுக்கு மாற்றிவிட்டு, சரக்கு வந்த அட்டைப்பெட்டியை மட்டும் அழகாக இருக்கிறதென்று டூல்ஸ் அலமாரியில் ஒளித்திருக்கிறான். இவனுக்கு இஞ்சினியர் பட்டம் கொடுத்தவர்களை நான் பார்க்க வேண்டும்.

அதன்பிறகாவது வாயை மூடினானா? எனக்குப் பாடம் எடுக்கிறான்.

"அம்மா, இது சும்மா சாராயம் இல்லம்மா. பார்லி மால்ட். பன்னெண்டு வருஷம் ஒரு பீப்பாயில. அப்புறம் போர்ச்சுகல்ல போர்ட் ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாத்தி இன்னும் ரெண்டு வருஷம். அந்தச் சிவப்பு அதுல இருந்து வர்றதும்மா."

"போர்ட் ஒயின் என்றால்?"

"ஒயின் பாதி புளிக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊத்தி நிறுத்திருவாங்க. அதான் போர்ட்."

விரலை மடக்கி எண்ணினேன், கிளாரன்ஸ். ஒயின், அதற்குள் சாராயம், அதன் மேல் விஸ்கி. ஒன்றைக்கூடத் தொடாத வீட்டுக்கு மூன்றையும் முந்திரிப்பருப்போடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

"ஓவன் சூட்டுல எல்லாம் ஆவியாப் போயிருக்கும்மா" என்றான். "ஆவியாய்ப் போனதை நீ எப்படிடா ஒரு வாயில் கண்டுபிடித்தாய்?" என்றேன். அட்டைப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். இந்தப் பானத்தில் கிறிஸ்துமஸ் கேக்கின் வாசனை வரும் என்று அச்சடித்திருக்கிறார்கள். கேக் வாசனைக்காக விஸ்கி குடிக்கிறவனிடம், நேரே கேக்கைத் தின்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லையா?

இதற்குள் சந்தியா, "மாமி, சொல்லாம விட்ருவோமே, அவங்களுக்குத் தெரியவா போகுது" என்றாள். அவளைப் பார்த்த பார்வையிலேயே அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். தெரியாமல் செய்தது பிழை, தெரிந்தபின் மறைப்பது பாவம். வாக்குக் கொடுத்தது நான். ஜெயசீலனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தேன்.

ஹாலிதா கதவைத் திறந்தாள். பின்னால் சோபாவில் மீரா சாகிப். உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. நின்றபடி முழுவதையும் சொன்னேன், பீப்பாய் உட்பட. முப்பத்து நாலு வருஷம் வகுப்பில் மற்றவர்களை மன்னிப்புக் கேட்க வைத்தவள், இன்று ஒரு பிள்ளை வயதுக்காரியிடம் கைகூப்பி நின்றேன். "அந்தக் கேக்கைத் தொடாதீர்கள், இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றேன்.

ஹாலிதாவின் முகம் சிவந்துவிட்டது. கணவரைப் பார்த்தாள். அவர் ஏசியைப் பார்த்தார்.

"கேக்கு வூட்ல இல்லயே டீச்சர்" என்றாள், தரையைப் பார்த்து.

காலை பதினொன்றுக்குக் கொடுத்த ஒன்றரைக் கிலோ கேக் மாலை ஆறுக்கு வீட்டில் இல்லையென்றால் அது எங்கே போயிருக்கும்? பிள்ளைகள் இரண்டும் உள்ளறையில் சிரித்துக் குதித்துக்கொண்டிருந்தன. அந்தச் சிரிப்பு எனக்கு ஈட்டிபோல இறங்கியது.

மீரா சாகிப் எழுந்து, "போனது போச்சு டீச்சர், இதுக்கு ஏன் இப்படிப் பதறுறிய, காலைல பேசிக்கிடலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார். அதுதான் தாங்கவில்லை.

ஆகவே தம்பி, இனி இந்தக் கட்டடத்தில் எனக்கு முகமில்லை. ஜனவரி முதல் வாரத்தில் வந்துவிடுகிறேன்; வீட்டைத் திறந்து வெள்ளையடித்து வை, தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல். தாய்மாமன் என்ற முறையில் ஜெயசீலனுக்கு நாலு வார்த்தை கடுமையாக எழுது. இனி கேக் சுடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மதரின் செய்முறை நோட்டை உன் மகளுக்குத் தந்துவிடுகிறேன். உங்கள் எல்லோரையும் தேவமாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு உன் அக்கா,
பிலோமினா

பின்குறிப்பு (24 காலை, எட்டரை மணி): வெள்ளையடிக்க வேண்டாம். ஏழு மணிக்கு ஹாலிதா வந்தாள், அழுத கண்ணோடு, கையில் காலி டின். "டீச்சர், நாங்க யாரும் ஒரு வாயும் திங்கல. இந்த வருஷம் மட்டுமில்ல, ஆறு வருஷமாவே" என்றாள். முதல் வருஷமே அவள் மாமியார், கிறிஸ்துமஸ் கேக் என்றால் ஒயின் இல்லாமல் இருக்காது என்று போனில் சொல்லிவிட்டாராம். என்னிடம் கேட்கக் கூச்சம், வேண்டாமென்று சொல்லவும் மனமில்லை. அதனால் வருஷா வருஷம் அன்றே மூன்றாம் மாடியிலிருக்கும் டிசோசா என்ற கோவாக்காரருக்குக் கொடுத்துவிட்டு, என்னிடம், நல்லா இருந்துச்சு என்று பொய் சொல்லியிருக்கிறாள். "நீங்க வந்து கைகூப்பி நிக்கிறிய, நானோ ஆறு வருஷப் பொய்யோட நிக்கிறேன். ராத்திரி பூரா தூக்கமில்ல டீச்சர்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். ஐந்து வருஷம் சொட்டு மது இல்லாமல் சுட்ட என் கேக்கை நம்பாதவள் மேல் வந்த கோபத்தில் நானும் அழுதேன். இன்று பத்து மணிக்கு அவள் வீட்டு அடுப்பில், அவள் கண் முன்னால், அவளே மூடி திறக்கும் ஜூஸில் சுடப்போகிறேன். அவர்கள் சாப்பிடும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். இன்னொன்று. அந்த டிசோசா நேற்றிரவு ஹாலிதாவுக்குப் போன் செய்து, ஐந்து வருஷமாக மரக்கட்டை மாதிரி வந்துகொண்டிருந்த கேக் இந்த வருஷம்தான் கேக் மாதிரி இருக்கிறது, சுட்டவரிடம் செய்முறை வாங்கித் தர முடியுமா என்று கேட்டாராம். என் கையெழுத்தில் முழுவதும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பழத்தை எதில் ஊறவைப்பது என்ற ஒரு வரியை மட்டும் ஜெயசீலன் எழுதினான்.